கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு சிவாஜிகள்

என் பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள். மகாராஷ்டிரப் பாடத்திட்டத்தில் நாலாம் வகுப்புச் சரித்திரம் என்றால் அது முழுக்க சத்ரபதி சிவாஜி மகராஜ்தான். அப்சல்கான் கதை, ஆக்ராவிலிருந்து தப்பித்த கதை எல்லாம் மராத்தியில் கடகடவென்று சொல்வாள்.

அக்டோபர் 1-ஆம் தேதி, டிவியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஓடிக் கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் பாதி தூக்கத்தில் வசனத்தை முணுமுணுத்துக் கொண்டிருந்தேன்.

"யாரு தாத்தா இது?"

"சிவாஜி."

"பொய்! சிவாஜி மகராஜ் தாடி வச்சிருப்பார். இவருக்கு மீசை மட்டும்தான் இருக்கு."

இரண்டு நிமிடத்தில் விளக்கி விடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. இந்த ஊரில், அதுவும் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வாழ்ந்த தமிழர்களுக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. அவளுக்குச் சொல்ல வராததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள்தான், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் பெயர். 1928 அக்டோபர் 1-இல் பிறந்த வி.சி.கணேசன், சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். அண்ணாதுரை 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று ஒரு நாடகம் எழுதினார். போரில் ஜெயித்து நாட்டைப் பிடித்த பிறகும், சிவாஜி சூத்திரர், அவருக்கு முடிசூட்ட முடியாது என்று வைதிகர்கள் மறுத்ததும், கடைசியில் காசியிலிருந்து காகபட்டர் வந்து 1674-இல் பட்டாபிஷேகம் நடந்ததும்தான் கதை. காகபட்டராக நடித்தவர் அண்ணாவேதான். சிவாஜி வேடத்துக்கு முதலில் பேசியது எம்.ஜி.ஆரை. அவர் விலகிக் கொள்ள, அது கணேசனுக்கு வந்தது. 1946-இல் நாடகத்தைப் பார்த்த பெரியார், மேடையிலேயே இனி இவர் 'சிவாஜி' கணேசன் என்று சொல்லிவிட்டுப் போனார். வி.சி. போய் சிவாஜி ஒட்டிக் கொண்டது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1869-லேயே சிவாஜியைப் பற்றி ஒரு பவாடா (வீரகதைப் பாட்டு) எழுதினார். அதில் சிவாஜி குடியானவர்களின் ராஜா. அண்ணா எழுதிய சிவாஜியும் ஏறக்குறைய அதே ஆள்தான். ஆக, அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது சண்டை போடுவதற்காக வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தாவை நம் தாத்தா மாதிரி மதித்து வாங்கி வந்த பெயர் அது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பெங்களூரில் ஒரு மராத்தியக் குடும்பத்தில் 1950-இல் பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட், 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக பாலசந்தரிடம் போய், சிவாஜியை விட்டுவிட்டு ரஜினிகாந்த் ஆனார். தமிழ் சினிமாவில் ஏற்கனவே ஒரு சிவாஜி இருந்தாரே! 2007-இல் அவர் படத்துக்கே 'சிவாஜி' என்று பெயர். ஒரு பெயர் சுற்றி வந்த சுற்றைப் பாருங்கள். சரி, நம்ம கதைக்கு வருவோம்.

என் பெரியப்பா 1955-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சயான் பக்கம் ஒரு சாலில் ஒரே அறை, பொது வராந்தா, கடைசியில் கக்கூஸ். நான் 1986-இல் சி.ஏ. முடித்து வந்தபோது முதலில் வந்து இறங்கியது அந்த ஒற்றை அறையில்தான். "ஏலே, படிச்சவன்னு கட்டில் எதிர்பாக்காத" என்று ஒரு பாயை எடுத்துப் போட்டார்.

அன்றைய கிங்ஸ் சர்க்கிள் எப்படி என்றால், ஒரு பக்கம் மாட்டுங்கா. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், ஆபீசர்கள். கோவில், பஜனை சமாஜம், 1932-இல் தொடங்கிய எஸ்.ஐ.ஈ.எஸ். கல்விச் சங்கம், உடுப்பி ஹோட்டல், பூக்கடைச் சந்து. 1952-இல் ஆரம்பித்த சண்முகானந்தா சபா, 1963-இல் கிங்ஸ் சர்க்கிளிலேயே அவ்வளவு பெரிய அரங்கத்தைக் கட்டி எழுப்பியது. (1990-இல் தீ விபத்து, 1998-இல் மறுபடியும் திறந்தார்கள்.) இன்னொரு பக்கம் தாராவி. நம்ம நெல்லைச் சீமைக்காரர்கள், தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள், முறுக்கு, சீடை போட்டு விற்றவர்கள். இரண்டு பக்கமும் தமிழர்தான். ஆனால் கல்யாணம், கச்சேரி, கோவில், குடிதண்ணீர் எதிலும் ஒன்றாக நிற்க மாட்டார்கள். பெரியப்பா சண்முகானந்தாவை வெளியிலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தார். "அது கச்சேரி கேக்கவங்க எடம்லே" என்பார்.

இரண்டு பக்கத்தாரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த இடம் அரோரா தியேட்டர். கிங்ஸ் சர்க்கிள் ஓரத்தில் ஒற்றைத் திரை. தமிழ்ப் படம் வந்தால் மாட்டுங்கா மாமிகள் பால்கனியில், தாராவித் தொழிலாளிகள் கீழே. இடைவேளையில் சமோசாவுக்கு ஒரே வரிசை. 'பாசமலர்' ஓடும்போது மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் மூக்கு உறிஞ்சுவார்கள் என்று பெரியம்மா சொல்வாள். 1961-இல் தன் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் மணியார்டர் மட்டும் அனுப்பிய பெரியப்பா, அந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்கவே மாட்டேன் என்று விட்டார்.

அவருக்கு உயிர் 'பராசக்தி'. ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நாமெல்லாம் அதைக் கலைஞர் வசனம், கோர்ட் சீன் என்றுதானே பேசுவோம்? பெரியப்பா, "அது நம்ம கதையிலே" என்றார். யோசித்துப் பாருங்கள். 1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படம் ரங்கூனில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. மதுரையில் இருக்கும் ஒரே தங்கைக்குக் கல்யாணம், அண்ணன்மார் மூன்று பேரும் பர்மாவில், யுத்த காலம், கப்பலில் ஒருவனுக்குத்தான் இடம் கிடைக்கிறது. அந்த ஒருவன் மெட்ராசில் இறங்கின அன்றே பணத்தைப் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான். ஊருக்குத் திரும்புகிறவனை ஊருக்கே அடையாளம் தெரியவில்லை. கப்பலை எடுத்துவிட்டு ரயிலைப் போட்டால் எங்கள் சாலில் பாதிப் பேர் கதை அதுதான்.

இன்னொன்று, தமிழ். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஆனால் பெரியப்பா என் அண்ணன்மார் இருவரையும் கஷ்டப்பட்டு இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தார். தமிழ் எழுத்து தெரியாது. வாயில் வந்தது இந்தியும் மராத்தியும் கலந்த ஒரு தமிழ். 'பழம்' என்பது 'பலம்' ஆகிவிடும். பெரியப்பா கண்டுபிடித்த வைத்தியம் சிவாஜி. படம் பார்த்துவிட்டு வந்த மறுவாரம், கட்டபொம்மன் வரி கேட்கும் வெள்ளைக்காரனுக்குச் சொல்லும் பதிலை இரண்டு பேரும் ஒப்பிக்க வேண்டும். 'ழ' சரியாக வந்தால் எட்டணா. பெரிய அண்ணன் இப்போது கனடாவில் இருக்கிறான். அவனுக்கு இன்றைக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அந்த வசனத்தை ஆரம்பித்தால் ஒரு 'ழ' தப்பாது.

சிவாஜி மிகை நடிப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் ஆபீஸ் வடக்கத்தியர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் தலையாட்டியிருக்கிறேன். எனக்குப் பிடித்த சிவாஜி 'முதல் மரியாதை' (1985) சிவாஜியும் 'தேவர் மகன்' (1992) சிவாஜியும்தான். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஏலே, அவரு மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்காரனுக்குக் கேக்கணும்னு பேசிப் பழகினவரு. கடைசி வரிசை நாங்கதாம்லே" என்றார். வாயை மூடிக் கொண்டேன்.

இப்போது சொல்லக் கொஞ்சம் சங்கடமான பகுதி.

1966 ஜூன் 19-இல் பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவருடைய 'மார்மிக்' வாரப் பத்திரிகையில், பம்பாய் ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டு வந்தார்கள். மண்ணின் மைந்தனுக்கு வேலை இல்லை, மதராசி எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டான் என்பது புகார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் உண்மையான வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அது வந்து விழுந்த இடம் உடுப்பி ஹோட்டல் கண்ணாடியும் வேட்டி கட்டியவன் முதுகும். 'லுங்கி ஹடாவ்' என்பது அன்றைய கோஷம். அந்த அக்டோபரில் முதல் பெரிய கூட்டம் நடந்த சிவாஜி பார்க், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

1968-இல் இது சினிமாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து கொண்டிருந்த நேரம். பதிலுக்கு இங்கே, சென்னையில் எடுத்த இந்திப் படங்களை ஓட விடமாட்டோம் என்று கிளம்பினார்கள். அந்த வருடம் திலீப்குமார் நடித்து வந்த 'ஆத்மி' அப்படிச் சென்னைக்காரர்கள் எடுத்த படம்தான். அது என்ன படம் தெரியுமா? நம்ம 'ஆலயமணி' (1962)!

இந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமை. அந்தக் காலத்து இந்தி சினிமாவைத் தட்டினால் உள்ளே சிவாஜி இருப்பார். 'பாசமலர்'தான் 'ராக்கி' (1962), அசோக்குமாருக்கு பிலிம்பேர் விருது. 'பாகப்பிரிவினை'தான் 'கான்தான்' (1965), சுனில் தத்துக்கு பிலிம்பேர் விருது. 'படிக்காத மேதை' 'மெஹர்பான்' ஆனது. 'நவராத்திரி' 1974-இல் 'நயா தின் நயி ராத்' ஆகி, ஒன்பது வேடத்தையும் சஞ்சீவ்குமார் போட்டார். இவை எல்லாவற்றையும் இந்தியில் இயக்கியவரும் ('ஆத்மி' உட்பட) நம்ம பீம்சிங்தான். ஒர்க்‌ஷாப்பில் குஜராத்தி நண்பர் ஒருவர் 'கான்தான்' பார்த்து உருகியபோது, பெரியப்பா இரண்டு மணி நேரம் அவருக்கு 'பாகப்பிரிவினை'யை, அந்த விளங்காத கை உட்பட, நடித்தே காட்டினாராம்.

சரி, 1968. ஒரு சாயங்காலம் பெரியப்பா லோக்கலில் வந்து கொண்டிருந்தார். கையில் 'பேசும் படம்', அட்டையில் சிவாஜி. பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், இருவரும் தமிழில் சத்தமாகப் பேசிக் கொண்டு வந்திருக்கிறார்கள். யாரோ நாலைந்து பையன்கள் புத்தகத்தைப் பிடுங்கினார்கள். அட்டைப்படத்தைப் பார்த்து யார் என்று ஒருவன் கேட்டான். பெரியப்பா பழக்க தோஷத்தில் "சிவாஜி" என்று சொல்லிவிட்டார். அதுதான் வினை. எங்கள் மகராஜ் பெயரை ஒரு கூத்தாடிக்கு வைத்திருக்கிறாயா என்று கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு, புத்தகத்தை ஜன்னல் வழியே எறிந்தார்கள். பெட்டியில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அடியைவிட, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பெரியம்மா வருத்தத்தோடு சொல்வாள். அன்றிலிருந்து பெரியப்பா ரயிலில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் சயானில் ஏறினால் மஸ்ஜித் வரைக்கும் ஊமை மாதிரி உட்கார்ந்து போவார்களாம். பையன்களிடமும் வெளியில் தமிழ் கூடாது என்று சொல்லிவிட்டார். வேட்டி டிரங்குப் பெட்டிக்குப் போனது. வீட்டில்கூடக் குரல் இறங்கிவிட்டது.

அந்த மனுஷன் வாய் விட்டுத் தமிழில் கத்திய ஒரே இடம் அரோரா. விளக்கு அணைந்து, திரையில் அந்த முகம் வந்ததும், முந்நூறு பேரோடு சேர்ந்து "சிவாஜி!" என்று கத்தலாம். வெளியே எந்தப் பெயரைச் சொன்னதற்கு அடி விழுந்ததோ அதே பெயர்.

சாலில் பக்கத்து அறைக்காரர் ஒரு மராத்தியர். பரேலில் மில் தொழிலாளி. பெரியப்பா அவரை 'பாவு' என்பார், அவர் பெரியப்பாவை 'அண்ணா' என்பார். அந்த வீட்டிலிருந்து பூரண் போளி வரும், இங்கிருந்து முறுக்கு போகும். மற்றபடி அளவான பேச்சுத்தான். ஒரு நாள் அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, இது யார் என்று கேட்டார். பெரியப்பாவுக்கு வயிற்றைக் கலக்கியது. பொய் சொல்லவும் மனசில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். பாவு கோபப்படவில்லை. எப்படி வந்தது அந்தப் பெயர் என்று கேட்டார். உடைந்த இந்தியில் அண்ணா, பெரியார், நாடகம் எல்லாவற்றையும் பெரியப்பா விளக்க, அவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை.

1970-இல் 'ராமன் எத்தனை ராமனடி' வந்தது. வெகுளியாக இருக்கும் சாப்பாட்டு ராமன் பட்டணம் போய்ப் பெரிய நடிகனாகும் கதை. அதில் நடிகனான பிறகு அவர் சத்ரபதி சிவாஜியாக வேடம் கட்டி வருகிற ஒரு காட்சி உண்டு. படம் பம்பாய்க்கு வந்து சேர 1971 ஆரம்பம் ஆகியிருக்கும் என்பார் பெரியப்பா. யோசித்து யோசித்து, கடைசியில் பாவுவையும் அரோராவுக்குக் கூட்டிக் கொண்டு போனார்.

பாவுவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. முதல் பாதி முழுக்கக் கொட்டாவி. பிறகு அந்தக் காட்சி. தாடி, தலைப்பாகை, வாள், அந்த நடை. தியேட்டரே விசிலடிக்கிறது. பாவு விறைத்து உட்கார்ந்தார். அப்புறம் சட்டென்று எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து "சத்ரபதி சிவாஜி மகராஜ் கீ..." என்று குரல் கொடுத்தார்.

பெரியப்பாவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்துகொண்டு இந்தக் கோஷத்துக்குப் பதில் தெரியாதவர் உண்டா? மேலிருந்தும் கீழிருந்தும் மொத்தத் தியேட்டரும் "ஜே!" என்றது. யார் எந்த சிவாஜிக்குச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வந்து பாவு சொன்னது, "அண்ணா, துமச்சா சிவாஜி சாங்க்லா ஆஹே." உங்க சிவாஜி நல்லா இருக்கார்.

மராத்தி தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். தமிழில் 'எங்கள்' வேறு, 'நம்' வேறு அல்லவா? கேட்கிறவனைச் சேர்க்காமல் சொன்னால் எங்கள், சேர்த்தால் நம். இந்த வித்தியாசம் இந்தியில் கிடையாது, எல்லாம் 'ஹமாரா'தான். மராத்தியில் உண்டு. 'ஆம்ச்சா' என்றால் எங்கள், 'ஆப்லா' என்றால் நம். 'துமச்சா' என்றால் உங்கள். பாவு சொன்னது துமச்சா. பெரியப்பாவுக்கு அன்றைக்கு அதுவே பெரிசு.

லதா மங்கேஷ்கர் கதையையும் சொல்லாமல் விட்டால் மாட்டுங்காக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். 'பாவமன்னிப்பு' (1961) படத்தைப் பம்பாயில் பார்த்துவிட்டு, நெகிழ்ந்துபோய் சென்னைக்கு வந்து சிவாஜியைச் சந்தித்து, அதிலிருந்து அவரை அண்ணனாகவே வரித்துக் கொண்டார் என்று பிரபு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராக்கி கட்டுவது, தீபாவளிக்குத் துணி அனுப்புவது என்று கடைசிவரை நீடித்த உறவு. லதாவின் அப்பா தீனாநாத் மங்கேஷ்கரும் மராத்தி நாடக மேடைக்காரர்தான், மேடைக்காரன் மகளுக்கு இன்னொரு மேடைக்காரனைப் புரிந்திருக்கிறது. பிரபு நடித்த 'ஆனந்த்' (1987) படத்துக்காக லதா தமிழில் பாடியதும் அந்தப் பாசத்தில்தான் என்பது என் கணிப்பு. எந்தத் தியேட்டரில் 'பாவமன்னிப்பு' பார்த்தார் என்று கிங்ஸ் சர்க்கிளில் யாரைக் கேட்டாலும் "அரோராதான், வேறெங்கே" என்று சத்தியம் செய்வார்கள். ஸீட் நம்பர் வரைக்கும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

2001 ஜூலை 21, சனிக்கிழமை. அப்போது நான் செம்பூரில் இருந்தேன். சனி சாயங்காலம் பெரியப்பாவைப் பார்க்கப் போவது வழக்கம். பேய் மழை. ஊரிலிருந்து போன் வந்தது, சிவாஜி போய்விட்டார் என்று. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய பேப்பர் ஏதோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வேட்டியை எடுத்துக் கட்டிக் கொண்டு, வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. உள்ளே மராத்திச் செய்தி ஓடும் சத்தம். 1982 ஸ்டிரைக்கில் மில் வேலை போய், வயசும் ஆகி, பாவு அப்போது கம்பு ஊன்றித்தான் நடப்பார். மெதுவாக வந்து பெரியப்பா முன்னால் நின்றார்.

"அண்ணா," என்றார். "ஆப்லா சிவாஜி கேலா."

பெரியப்பா நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். பெரியம்மா உள்ளே இரண்டு டம்ளர் டீ போட ஆரம்பித்தாள்.